'ரிப்போர்ட் எல்லாம் நார்மல்' என்று சொன்ன பிறகு செய்ய வேண்டியவை

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு குழித்தறி. ஒன்றில் வீட்டுக்காரர், இன்னொன்றில் நான். வெண்பட்டு வேட்டி நெய்கிறோம். 2001-ல் கல்யாணமாகி வந்ததிலிருந்து குழியில் காலை விட்டு உட்கார்ந்தவள், 2017 தீபாவளி வரைக்கும் இடுப்பு என்று ஒன்று இருப்பதையே நினைத்ததில்லை. ஆர்டர் முடித்துக் கொடுத்த மறுநாள் பாயிலிருந்து எழ முடியவில்லை. இடது இடுப்பில் தொடங்கிய வலி அடுத்த வருஷம் தோளுக்கு ஏறியது. அதற்கடுத்த வருஷம் இரண்டு மணிக்கட்டுக்கும் வந்தது.

இரண்டு வருஷத்தில் ஐந்து டாக்டர், இரண்டு எம்.ஆர்.ஐ., ஒரு ஒயர் கூடை நிறைய ரத்தப் பரிசோதனை. எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "ரிப்போர்ட் நார்மலா இருக்கும்மா." வீட்டுக்கு வந்து சொன்னால் அத்தை கேட்பார், "ரிப்போர்ட்லயே ஒண்ணுமில்லைங்கறாங்க, அப்புறம் என்ன கண்ணு?" எனக்கும் பதில் தெரியவில்லை. அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று இப்போது தோன்றுவதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. எட்டு வருஷமாக இந்த வலியோடு இருப்பவள், அவ்வளவுதான்.

வலிக்குச் சரியான சொல்லைக் கண்டுபிடியுங்கள்

முதல் இரண்டு வருஷம் நான் டாக்டரிடம் சொன்னது, "உடம்பெல்லாம் வலிக்குதுங்க." இப்படிச் சொன்னால் அவர் எந்தப் பக்கம் தேடுவார்? வலியைச் சொல்ல நம் தமிழில் எத்தனை சொல் இருக்கிறது என்று உட்கார்ந்து யோசித்த நாள்தான் எனக்கு வழி கொஞ்சம் தெரிந்த நாள். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, இழுப்பு, எரிச்சல், மதமதப்பு, சுருக்கு, விண்விண். ஒவ்வொன்றும் வேறு வேறு. நம் அம்மாக்கள் சரியாகத்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

எரிகிறது, சுரீரென்று ஓடுகிறது, கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது, எறும்பு ஊர்கிறது, மரத்துப்போகிறது என்றால் டாக்டர் நரம்பைப் பற்றி யோசிப்பார். காலையில் எழுந்ததும் விறைத்துக்கொண்டு அரை மணிக்கு மேல் தளராமல் இருந்து, நடமாடினால் குறைந்து, சும்மா இருந்தால் கூடினால் அது அழற்சி சம்பந்தப்பட்ட வாதமாக இருக்கலாம். நாற்பது வயதுக்கு முன்பே முதுகில் இப்படித் தொடங்கினால் அதைக் கட்டாயம் தனியாகச் சொல்லுங்கள். வேலை செய்தால் கூடி, படுத்தால் குறைகிற கடுப்பு தசையும் மூட்டும் சார்ந்ததாக இருக்கலாம். இவற்றை வைத்து நாமே நோயை முடிவு செய்யக் கூடாது. ஆனால் அடுத்து எந்தப் பரிசோதனை என்பதை டாக்டர் முடிவு செய்ய இந்தச் சொற்கள்தான் உதவும். நான் இடுப்புக்கு 'குடைச்சல்' என்றும், மணிக்கட்டுக்கு 'எரிச்சல்' என்றும் பிரித்துச் சொன்ன பிறகுதான் ஒரு டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

ஒரு நோட்டு, அதில் ஒரு 'இல்லை' பக்கம்

நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் ராத்திரி மூன்று வரி: எங்கே, எப்படி வலித்தது, அன்றைக்கு என்ன வேலை செய்தேன், எப்படித் தூங்கினேன். அதற்கு மேல் எழுதினால் பத்து நாளில் அலுத்துவிடும். மாதவிலக்கு வரும் பெண்கள் அந்த நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் அதே நாளில் வயிறும் இடுப்பும் சேர்ந்து வலித்தால் போக வேண்டியது பெண்கள் மருத்துவரிடம். 'பொம்பளைன்னா அப்படித்தான் இருக்கும்' என்ற பேச்சிலேயே வருஷக்கணக்காகத் தள்ளிப்போகிற நோய்கள் உண்டு.

நோட்டின் கடைசிப் பக்கம்தான் முக்கியம். அதன் தலைப்பு 'இல்லை'. ஒவ்வொரு பரிசோதனை முடிந்ததும் எந்த நோய் இல்லை என்று தெரிந்ததோ அதைத் தேதி போட்டு எழுதுங்கள். என் பக்கத்தில் இருப்பது: தைராய்டு இல்லை. சர்க்கரை இல்லை. முடக்குவாதம் இல்லை. முதுகெலும்பில் காசநோய் இல்லை. கட்டி இல்லை. வைட்டமின் டி குறைவாக இருந்தது, மருந்தில் சரியானது, ஆனால் வலி போகவில்லை. 'நார்மல்' என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டு ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் அழுத நாட்கள் உண்டு. எழுதிப் பார்த்தால் ஒரு பக்கம் நிறைந்திருக்கிறது. அதுவும் ஒரு பதில். புது டாக்டர் அதே பரிசோதனையை மறுபடி எழுதும்போது இந்தப் பக்கத்தைக் காட்டினேன். இரண்டாயிரம் ரூபாய் மிச்சமானது.

பழைய சீட்டுகளை எல்லாம் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். எக்ஸ்ரே படங்களை மடிக்காதீர்கள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த வருஷம் என் முதல் எம்.ஆர்.ஐ. படம் அப்படித்தான் போனது.

டாக்டர் முன்னால் உட்காரும் ஐந்து நிமிஷம்

கூட்டம் இருக்கும். நமக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தாலே பெரிது. அதனால் ஒரு வெள்ளைத்தாளில் பத்து வரி எழுதிக் கொண்டுபோங்கள்: எப்போது தொடங்கியது, எங்கே பரவியது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, என்னென்ன மாத்திரை சாப்பிட்டேன், எது ஒத்துக்கொள்ளவில்லை. கூடவே இப்போது செய்ய முடியாமல் போன வேலை ஒன்றைச் சொல்லுங்கள். "ரொம்ப வலிக்குது" என்பதைவிட "முன்ன நாலு மணி நேரம் தறியில உட்காருவேன், இப்ப இருபது நிமிஷம்தான்" என்பது அவர் மனதில் நிற்கும். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். நாம் கேட்க மறந்ததை அவர் கேட்பார்.

கேட்க வேண்டியவை மூன்று. இதுவரை எதெல்லாம் இல்லை என்று தெரிந்திருக்கிறது? இன்னும் பார்க்காதது எது? இந்தப் பரிசோதனையின் முடிவு எப்படி வந்தாலும் வைத்தியம் மாறுமா? மூன்றாவது கேள்வியை நான் பயந்து பயந்துதான் கேட்டேன். அந்த டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாறாதும்மா, அப்ப இது வேண்டாம்" என்று சீட்டில் எழுதியதை அடித்தார். மரியாதையாகக் கேட்டால் கோபப்படுகிறவர்கள் குறைவு.

ஊர் ஊராக அலைவதற்கு முன் ஒரு பொது மருத்துவரை உங்கள் டாக்டராக வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு, நரம்பு, வாதம் என்று யாரிடம் போனாலும் திரும்பி வந்து அவரிடம்தான் சீட்டைக் காட்ட வேண்டும். எனக்கு அந்த ஒருவர் எங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் ஒரு டாக்டரம்மா. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல துறைகள் ஒரே வளாகத்தில் இருப்பதால், காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிட்டால் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு எழுதி அனுப்புவார்கள். வலிக்கென்றே வைத்தியம் பார்ப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் மயக்க மருந்து படித்த டாக்டர்கள்தான் அதைச் செய்கிறார்கள். 'வலி கிளினிக் இருக்கிறதா' என்று வாய்விட்டுக் கேளுங்கள், நாமாகக் கேட்காவிட்டால் தெரியாது.

உறவினர் வீட்டுக்குக் கூட நடக்க முடியாதவர்களுக்கு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு விதிவிலக்கு. கால் திடீரென்று வலுவிழந்தால், சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போனால் அல்லது சிறுநீர் வராமல் நின்றுவிட்டால், தொடை இடுக்கில் உணர்வு மரத்தால், அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், நோட்டெல்லாம் அப்புறம். சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, காரணமில்லாமல் எடை இறங்குவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, இவற்றில் ஏதாவது வலியோடு சேர்ந்திருந்தால் அந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். எட்டு வருஷ வலியென்றாலும் புதிதாக ஒரு அறிகுறி வந்தால் அதைப் புது வலியாகத்தான் நினைக்க வேண்டும்.

படத்தில் தெரிவதும் தெரியாததும்

என் இரண்டாவது எம்.ஆர்.ஐ.யில் 'நான்காவது ஐந்தாவது எலும்புக்கு நடுவில் தட்டு (டிஸ்க்) லேசாகப் பிதுங்கியிருக்கிறது' என்று வந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். டாக்டரம்மாதான் பொறுமையாகச் சொன்னார். முதுகு வலியே இல்லாத ஆட்களைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை எல்லாம் 2015-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். மொத்தம் 3,110 பேர். வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குத் தட்டு பிதுங்கியிருந்தது. தேய்மானம் இருபது வயதிலேயே 37 சதவீதம் பேருக்கும், எண்பது வயதில் 96 சதவீதம் பேருக்கும் இருந்தது. அதாவது படத்தில் ஒன்று தெரிவதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்றாகாது. படத்தில் ஒன்றும் தெரியாததால் வலி பொய் என்றும் ஆகாது. இரண்டாவதை டாக்டரம்மாவே சொல்லட்டும் என்று அத்தையைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போனேன்.

காரணம் தெரியாத இந்த வலிக்கு இப்போது ஒரு இடம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில், மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாத வலியைத் தனி நோயாகவே சேர்த்திருக்கிறார்கள். இன்னொன்றின் அறிகுறி என்று மட்டும் சொல்லித் தள்ளவில்லை. இதை நான் டாக்டரம்மா வாயால் கேட்ட அன்று வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன்.

நரம்பும் தண்டுவடமும் மூளையும் வலிச் செய்தியைத் திரும்பத் திரும்பக் கடத்திப் பழகிவிட்டால், சின்னத் தொடுதலையும் பெரிய ஆபத்தாக எடுத்துக்கொள்ளத் தொடங்கும் என்று அவர் விளக்கினார். எனக்கு அது, தறியில் எந்தப் பூ விழ வேண்டும் என்று சொல்லும் ஜக்கார்டு அட்டையாகப் புரிந்தது. அட்டையில் துளை போட்டுத் தைத்து மாட்டிவிட்டால், நூலை மாற்றினாலும் அதே பூதான் விழும். நூலில் குறை தேடிக்கொண்டே இருந்தால் பூ மாறாது. அட்டையைத்தான் மாற்ற வேண்டும், அதை ஒவ்வொரு துளையாகத்தான் செய்ய முடியும். வலி கற்பனை என்று இதற்கு அர்த்தமில்லை. விழுகிற பூ நிஜமான பூதான்.

மாத்திரை விஷயம்

டாக்டரம்மா எனக்கு ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார். மருந்துக் கடைப் பையன், "இது மனசு சரியில்லாதவங்களுக்குக் கொடுக்கறதுங்க அக்கா" என்றான். கோபத்தோடு திரும்பிப் போய்க் கேட்டேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கும்போது அளவு இதைவிடப் பல மடங்கு, இந்தச் சின்ன அளவு நரம்பின் வேகத்தைக் குறைத்துத் தூக்கத்தைக் கொடுக்கத்தான் என்று புரியவைத்தார். முதல் வாரம் வாய் வறண்டு, காலையில் தலை கனத்தது. அப்புறம் பழகியது. எல்லாருக்கும் இது ஒத்துக்கொள்ளாது. உங்களுக்கு எது என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கடையில் நாமாக வாங்கி மாசக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். 'ஒரு ஊசி போட்டுடுங்க' என்று வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்கள் இதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

இன்னொன்று இருக்கிறது, இதை மறைக்காமல் சொல்கிறேன். 2019-ல் ஒருவர் பேச்சைக் கேட்டு, பேப்பரில் மடித்த பெயரில்லாத மூன்று நிற மாத்திரை சாப்பிட்டேன். இரண்டே நாளில் வலி காணாமல் போனது. மூன்றாம் மாதம் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. ஸ்டீராய்டாக இருக்கலாம் என்று டாக்டரம்மா சந்தேகப்பட்டார். சட்டென்று நிறுத்தினால் ஆபத்து என்று அவர் பார்வையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினோம், சர்க்கரையும் இறங்கியது. பெயரும் அளவும் அச்சிடாத மருந்தை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். சித்த மருத்துவம் வேண்டுமென்றால் படித்துப் பதிவு செய்தவரிடம் போங்கள். நான் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறேன், இதமாக இருக்கிறது. அமாவாசைக்குக் கஞ்சமலை சித்தர் கோயிலுக்கும் போகிறேன், மனசு அடங்குகிறது. இவை எதுவும் மாத்திரைக்குப் பதில் அல்ல, கூடவே இருப்பவை.

நல்ல நாளில்தான் கவனம் வேண்டும்

இதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. வலி குறைந்த நாளில் விட்டுப்போன வேலையை எல்லாம் சேர்த்துச் செய்வேன். ஆறு மணி நேரம் நெய்வேன், துணி துவைப்பேன், பாத்திரம் பண்டம் எல்லாம் இறக்கித் துடைப்பேன். அடுத்த நான்கு நாள் படுக்கை. நோட்டைப் புரட்டியபோதுதான் இந்த ஏற்ற இறக்கம் கண்ணில் பட்டது.

இப்படிச் செய்யுங்கள். ஒரு வாரம், எந்த வேலையை எத்தனை நிமிஷம் செய்தால் வலி ஏறத் தொடங்குகிறது என்று குறியுங்கள். எனக்குத் தறியில் சராசரி இருபத்தைந்து நிமிஷம் வந்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, இருபது நிமிஷத்துக்குப் போனில் அலாரம் வைத்தேன். அலாரம் அடித்தால், ஊடை இழையைக் கொண்டு ஓடும் நாடா பாதி ஓட்டத்தில் இருந்தாலும் அந்த இழையோடு எழுந்துவிட வேண்டும். வலி இல்லாவிட்டாலும் எழ வேண்டும், அதுதான் கஷ்டம். ஐந்து நிமிஷம் நடந்துவிட்டு மறுபடி இருபது. ஒரு வாரம் நிலையாகப் போனால் இரண்டு நிமிஷம் கூட்டலாம். மோசமான நாளிலும் படுத்தே கிடக்காமல், ஒரே ஒரு இருபது நிமிஷமாவது உட்காருங்கள். இப்போது நான் முப்பத்தைந்துக்கு வந்திருக்கிறேன். முன்பு நான்கு நாளில் இறக்கிய வேட்டியை இப்போது எட்டு நாளில் இறக்குகிறேன். கூலி பாதிதான். மீதி நேரம் நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றுகிறேன், அதை நின்றுகொண்டும் செய்யலாம்.

நடையும் அப்படித்தான். நான்கு நிமிஷத்தில் தொடங்கினேன், தெருமுனை வரைக்கும். குமரகிரி மலை அடிவாரம் வரை போய்வர எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. ஏற்காட்டில் நாத்தனார் வீட்டுக்குப் போகும்போது, இருபது கொண்டை ஊசி வளைவிலும் உடம்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடாமல் இருக்க, பஸ்ஸில் முன்பாதியில் சன்னலோரம் உட்கார்ந்து, இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்வேன். மேலே குளிரும், சால்வை இல்லாமல் போனால் தோள் பிடித்துக்கொள்ளும். முன்பெல்லாம் பயந்து போகாமலே இருந்தேன். போகாமல் இருந்ததில் வலி ஒன்றும் குறையவில்லை.

வீட்டில் சொல்வது எப்படி

'பத்துக்கு எத்தனை' என்று ஆஸ்பத்திரியில் கேட்பது வீட்டில் எடுபடவில்லை. நாங்கள் எங்களுக்கென்று மூன்று சொல் வைத்துக்கொண்டோம்: நூல், கயிறு, வடம். காலையில் வீட்டுக்காரர், "இன்னிக்கு என்ன?" என்பார். "நூல்" என்றால் வழக்கம் போல. "கயிறு" என்றால் தண்ணீர்க் குடம் அவர் எடுப்பார், மகள் பாத்திரம் கழுவுவாள். "வடம்" என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அரிசிம்பருப்பு சாதம் ஒரே குக்கரில் அத்தை வைத்துவிடுவார். 'சும்மா சொல்றா' என்ற பேச்சு எங்கள் வீட்டில் நின்றது இதற்கப்புறம்தான். வலியை விளக்கிச் சொல்லிச் சொல்லி நானும் களைத்துப் போயிருந்தேன், அதுவும் நின்றது.

வட நாளுக்கென்று ஒரு அட்டை எழுதி பீரோ கதவில் ஒட்டியிருக்கிறேன், வலி உச்சத்தில் இருக்கும்போது யோசிக்க முடியாது என்பதால். வெந்நீர்ப் பை பதினைந்து நிமிஷம். முழங்காலுக்கடியில் தலையணை வைத்து மல்லாந்து படுப்பது. மூச்சை மெதுவாக வெளியே விடுவது. டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் மாத்திரை கிடையாது. இது முன்பும் வந்தது, இரண்டு மூன்று நாளில் இறங்கியது என்று தேதிகளோடு ஒரு வரி. கடைசியில் என் தங்கச்சியின் போன் நம்பர்.

அந்த நம்பருக்குக் கீழே இன்னொரு நம்பர் இருக்கிறது: 14416. மத்திய அரசின் டெலி மனஸ் உதவி எண், இரவும் பகலும் உண்டு, இலவசம், தமிழிலும் பேசலாம். 'இப்படி இருந்து என்ன பண்ணப்போறோம்' என்று தோன்றும் ராத்திரிகள் எனக்கு வந்திருக்கின்றன. உங்களுக்கு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கூப்பிடுங்கள். மனசு தளர்ந்ததால் வலி வந்தது என்று யாராவது சொன்னால், வலியில் மனசு தளர்ந்தது என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம்.

தேடுவதை எப்போது நிறுத்துவது என்று கேட்பவர்களுக்கு: நான் நிறுத்தவில்லை, தவணை வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரம்மாவுடன் 'இல்லை' பக்கத்தைத் திறந்து பார்ப்போம். நடுவில் புது அறிகுறி வராவிட்டால் புதுப் பரிசோதனை கிடையாது, சொந்தக்காரர் சொன்ன புது டாக்டரும் கிடையாது. அந்த நாட்கள் தறிக்கும் பிள்ளைகளுக்கும். அடுத்த தவணை தையில் வருகிறது. வெள்ளைத்தாளில் இப்போதைக்கு மூன்று கேள்வி எழுதியிருக்கிறேன். மணிக்கட்டு எரிச்சலுக்கு நரம்புக் கடத்தல் பரிசோதனை பார்த்து ஐந்து வருஷம் ஆகிறது, மறுபடி பார்க்க வேண்டுமா? ராத்திரி மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாமா? குமரகிரிப் படி ஏறலாமா?